சும்மா போட்டுக் கொடுத்த விண்டோஸ்

குட்டி லேப்டாப்பான அந்த நெட்புக்குக்கு வந்த நோய் ஒன்றே ஒன்றுதான். தேதி நிற்காது. ஒவ்வொரு தடவை அணைத்துப் போட்டாலும் 2010 ஜனவரி ஒன்றாம் தேதிக்கு ஓடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருக்கிற பொத்தான் அளவு பேட்டரி தீர்ந்தால் அப்படித்தான் ஆகும், மாற்றிவிட்டால் சரியாகிவிடும். அறிவுச்செல்வி தன் கொழுந்தன் ஆல்வினிடம் அதை மட்டும்தான் சொன்னாள்.

"தம்பி, பேட்டரிய மட்டும் மாத்திக் குடு. வேற எதையும் தொட்டுறாத."

"சரி மதினி" என்றான். மண்டையை நன்றாகத்தான் ஆட்டினான்.

திங்கட்கிழமை வாங்கிப் போனவன் செவ்வாய் ராத்திரி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். புதன்கிழமை காலையில் அறிவுச்செல்வி திறந்தாள். தேதி சரியாக இருந்தது. மற்றது எதுவும் சரியாக இல்லை. திரையில் புதிதாக ஒரு மலைப் படம். அவள் தினமும் அழுத்துகிற எம்ப்ராய்டரி மென்பொருளின் படம் இருந்த இடம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. பக்கத்தில் எம்ப்ராய்டரி மிஷின் ஒயரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றது. அந்த மிஷினுக்குச் சொந்தமாக மூளை கிடையாது. பரீட்சை அட்டை அளவே இருக்கும் இந்த நெட்புக் சொன்னால்தான் ஊசி இறங்கும்.

நெட்புக்கைத் திருப்பிப் பார்த்தாள். முதுகில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளைக் காணோம். மிஷின் விற்ற திருப்பூர் டீலர் தன் கையாலேயே எழுதி ஒட்டிய தாள் அது. 'கோளாறு ஆனால் F11. நாற்பது நிமிடம். பயப்பட வேண்டாம்.' ஆல்வின் அதைச் சுரண்டி எடுத்து, பசை ஒட்டியிருந்த இடத்தைத் துணியால் பளபளவென்று துடைத்தும் வைத்திருந்தான். போனை எடுத்தாள்.

"தம்பி, என்னத்தப் பண்ணி வச்சிருக்க?"

"விண்டோஸ் டென் போட்டிருக்கேன் மதினி. இன்னும் அந்தச் செவன வச்சு எதுக்கு மல்லுக்கட்டுறீங்க? எம்புட்டு ஸ்லோ! கடையில இதுக்கே ஐநூறு வாங்குவாங்கெ. உங்களுக்குச் சும்மா."

"என் எம்ப்ராய்டரி சாப்ட்வேர் எங்க?"

"டிசைன் பூரா டி டிரைவ்ல பத்திரமா இருக்கு. நான் சி-யை மட்டுந்தான் பார்மட் அடிச்சேன். சாப்ட்வேர் சிடி இருந்தாக் குடுங்க, ஏத்தித் தாரேன்."

"சிடி கெடையாது. F11 அமுக்குனாத்தான் வரும்."

"F11 இனிமே வராது மதினி. ரெகவரினு பன்னெண்டு ஜிபி வெட்டியாக் கெடந்துச்சு. அதத் தூக்கிட்டேன். இடம் மிச்சம்ல?"

இடம் மிச்சமாம். எட்டு வருடமாக அந்த நெட்புக்கில் இடம் போதவில்லை என்று அவள் யாரிடமாவது அழுதாளா? டீலர் மென்பொருளை, அதன் உரிமத்தை, மிஷினோடு பேசுவதற்கான டிரைவரை, எல்லாவற்றையும் சேர்த்து அந்தப் பன்னிரண்டு ஜிபிக்குள்தான் பூட்டி வைத்திருந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் வைரஸ் வந்து நெட்புக் படுத்தபோது F11 அழுத்தித்தான் எழுப்பினாள். அந்த ரெகவரி, ஹார்டு டிஸ்க் முழுவதையும் துடைத்துவிட்டு வாங்கின அன்றைக்கு இருந்ததுபோல ஆக்கும். டி டிரைவையும் சேர்த்துத்தான் துடைக்கும். அது தெரியாமல் அன்றைக்குப் பாதி டிசைனைப் பறிகொடுத்தாள். பறிகொடுத்துக் கற்றுக்கொண்டவள் அவள். ஆல்வினுக்கு எல்லாம் பிறக்கும்போதே தெரிந்திருந்தது.

"மதினி? லைன்ல இருக்கீங்களா?"

இருந்தாள். வாயில் வந்ததையெல்லாம் பல்லுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு இருந்தாள். சொல்ல முடியாது. அதுதான் அந்தக் குடும்பத்தில் இருக்கிற பெரிய கொடுமை.

ஆல்வின் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறான். சொந்தக்காரர் யாரிடமும் காசு வாங்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து கொடைரோட்டில் மாமியார் வீட்டில் எல்லோரும் கூடினால், கறிச்சோறு ஆனதும் அவன் முன்னால் போனும் லேப்டாப்புமாக வந்து உட்காரும். ஆஸ்பத்திரி சீட்டு வரிசை தோற்றுவிடும். அவனும் சளைக்காமல் எல்லாவற்றையும் பார்மட் அடித்து, உள்ளே இருப்பதைத் துடைப்பான். தலைவலி என்றாலும் பார்மட், கால்வலி என்றாலும் பார்மட். மாமியாரின் அக்கா, பெரியத்தை என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், போன வருடம் லேப்டாப்பில் சத்தம் வரவில்லை என்று கொடுத்தார். சத்தம் வந்தது. பேத்தியின் ஞானஸ்நானப் படங்கள் அத்தனையும் போயின. அந்த அம்மாள் டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தாராம், அது சி டிரைவில்தான் சேருமாம். "சி-யில யாராச்சும் வைப்பாங்களா?" என்று அவன் சிரித்தான். பெரியத்தையும் கூடவே சிரித்துவிட்டு, பின்கட்டுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். காசு வாங்காமல் செய்த பிள்ளையை யார் என்ன சொல்வது?

மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்த கணவன் சார்லஸ், சத்தம் கேட்டு எழுந்து வந்தான்.

"என்னம்மா, காலங்காத்தால?"

சொன்னாள். அவன் கொட்டாவி விட்டபடி கேட்டான்.

"சும்மா செஞ்சு குடுத்த பிள்ளைய என்னத்தச் சொல்ல? நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சிருப்பான். அந்த மிஷினும் பழசாயிருச்சு. திருப்பூர்க்காரன் ஒருத்தன் விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கான். இதுதான் சாக்குன்னு தள்ளி விட்டுறலாம்."

"சனிக்கிழமை நூத்தறுபது பாக்கெட் குடுக்கணும். அத யாரு தைப்பா? திருப்பூர்க்காரனா?"

கன்னிவாடியில் ஒரு பள்ளிக்கூடம். திங்கட்கிழமை திறக்கிறார்கள். புதுச் சட்டைகளின் பாக்கெட் துணியில் விளக்கும் புத்தகமுமாகப் பள்ளி முத்திரை போட்டுத் தர வேண்டும். இதுவரை அவள் செய்ததெல்லாம் அக்கம்பக்கத்து ஜாக்கெட்டும் தையல்கடைக்காரர்கள் கழித்துவிட்ட வேலையும்தான். பள்ளிக்கூடத்து ஆர்டர், அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்த முதல் ஆர்டர். சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த வருடம் அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது. அதற்குள் சார்லஸ் மிஷினை வேன் ஏற்றிவிடுவான். எட்டு வருடம் கழித்து மறுபடியும் அடுத்தவர் மிஷினில் கூலிக்கு உட்கார வேண்டும்.

திருப்பூர் டீலருக்குப் போன் போட்டாள். அந்த எண் உபயோகத்தில் இல்லையாம். கடையை மூடிவிட்டு எங்கே போனானோ. மத்தியானம் நெட்புக்கைத் தூக்கிக்கொண்டு இரண்டு கடை ஏறி இறங்கினாள். ஒருவன், புது சாப்ட்வேர் வாங்கினால் புது மிஷினும் வாங்க வேண்டியிருக்கும் என்றான். இன்னொருவன் நெட்புக்கை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இதெல்லாம் இன்னும் இருக்காக்கா?" என்று கேட்டான். அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தாள்.

ராத்திரி தூக்கம் எங்கே வரும்? எழுந்து, வீட்டுக்குள் திருடன் புகுந்துபோன பிறகு எது எது போயிற்று என்று பார்ப்பதுபோல, நெட்புக்கில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். வட்டு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று காட்டுகிற பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. சாட்சிக்கு ஆகும் என்று நினைத்திருக்கலாம்.

வியாழக்கிழமை காலை அந்தப் படத்தோடு பேகம்பூருக்குப் போனாள். அவளோடு பன்னிரண்டாவது வரை படித்த நர்கீஸ் அங்கே கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறாள். நர்கீஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது யாருடி பண்ணுன வேலை?"

"என் கொழுந்தன்."

"அதான பாத்தேன். இங்க பாரு, சி-க்கு முன்னாடி கறுப்பா ஒரு பட்டை தெரியுதா? பன்னெண்டு ஜிபி. ரெகவரி இருந்த இடம். இத அழிச்சு சி-யோட சேக்கலாம்னு பாத்திருக்கான். முன்னாடி கெடக்குற இடத்த விண்டோஸ் அப்பிடி லேசுல சேக்க விடாது. முடியலன்னதும் அப்பிடியே போட்டுட்டுப் போயிட்டான்."

"அப்ப என் F11 போனது போனதுதானா?"

"அவசரப்படாத. வீட்டு வாசல்ல இருந்த கதவு நம்பரத்தான் பிச்செறிஞ்சிருக்கான். உள்ள சாமான் அம்புட்டும் அப்பிடியே இருக்கும். அந்த எடத்து மேல புதுசா ஒண்ண எழுதாத வரைக்கும் தேடி எடுத்துறலாம். கொண்டு வந்தியா?"

"வீட்டுல இருக்கு."

"யாரும் தொடாமப் பாத்துக்க. புதுசா டிரைவ் கிரைவ் பண்ணி பார்மட் போட்டா அம்புட்டுதான்."

அவள் வாயை மூடவில்லை, அறிவுச்செல்வியின் போன் அடித்தது. சார்லஸ்.

"எங்க இருக்க? ஆல்வின் வந்திருக்கான். நீ வருத்தப்படுறன்னு சொன்னேன், லீவு போட்டுட்டு வந்துட்டான் பாவம். என்னமோ காலி எடம் கெடக்காம்ல, அத ஈ டிரைவாப் போட்டுத் தாரேங்கிறான்."

"ஏங்க, அத அவன் தொடக் கூடாது. கைய எடுக்கச் சொல்லுங்க!"

"சரி சரி, நீ வா" என்று வைத்துவிட்டான். அவள் சொன்னதில் பாதிகூட அவன் காதில் ஏறியிருக்காது. திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஆல்வினைக் கூப்பிட்டாள். வேலையாக இருக்கும்போது அவன் எடுக்கவே மாட்டான். கொழுந்தனுக்கு அவ்வளவு தொழில் பக்தி.

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. நாகல்நகர் பாலத்தில் முன்னால் போன வெங்காய வண்டிக்காரனை ஹார்ன் அடித்தே அழ வைத்தாள். வீட்டு வாசலில் வண்டியை ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினாள்.

அவளுடைய ஸ்டூலில் ஆல்வின் உட்கார்ந்திருந்தான். திரையில் சின்னதாக ஒரு பெட்டி திறந்திருந்தது. புது டிரைவுக்கு ஈ என்று எழுத்துக் கொடுத்து, பார்மட் என்பதற்கு நேரே டிக் போட்டு, அம்புக்குறியைக் கடைசிப் பொத்தானின் மேல் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான்.

"ஒரே நிமிசம் மதினி. பினிஷ் மட்டுந்தான்."

அவள் அவனிடம் பேசவில்லை. பேசினால் அதற்குள் அழுத்திவிடுவான். மேசைக்கு அடியில் குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். அந்த நெட்புக்கின் பெரிய பேட்டரி செத்து நான்கு வருடம் ஆகிறது, கரண்ட் இருந்தால்தான் அதற்கு உயிர். திரை பட்டென்று இருண்டது.

"ஐயோ மதினி! இப்பிடிப் பிடுங்குனா ஹார்டு டிஸ்க் போயிரும்!"

"எந்திரி."

"இல்ல மதினி, நான் உங்களுக்கு நல்லது…"

"மொதல்ல ஸ்டூல்ல இருந்து எந்திரி."

எழுந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. அவள் வாயைத் திறந்தாள். எட்டு வருட உழைப்பும் நூற்றறுபது பாக்கெட்டும் சுரண்டிப் போட்ட தாளும் தொண்டைவரை வந்துவிட்டன. சரியாக அந்த நேரம் பார்த்துச் சார்லஸ் தம்பிக்கு டீயோடு வந்தான்.

"என்ன அறிவு, லீவு போட்டுட்டு வந்தவன்ட்ட மூஞ்சியக் காட்டுற? காசா கேட்டான்?"

தொண்டைவரை வந்தது திரும்பி உள்ளே போயிற்று. ஆல்வின் டீயைக் குடித்துவிட்டு, "பரவால்லண்ணே, மதினி டென்சன்ல இருக்காங்க" என்று பெருந்தன்மையாக மன்னித்துவிட்டுக் கிளம்பினான். அந்த மன்னிப்புதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது.

பின்னாலேயே ஆட்டோ பிடித்து நர்கீஸ் வந்து சேர்ந்தாள். கையில் இரண்டு பென்டிரைவ். ஒன்றில் டி டிரைவில் இருந்த டிசைன் அத்தனையையும் நகல் எடுத்தாள். எடுத்ததில் பத்தைத் திறந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று அறிவுச்செல்வியின் வாயால் சொல்ல வைத்தாள். இன்னொரு பென்டிரைவிலிருந்து நெட்புக்கைக் கிளப்பியபோது விண்டோஸே வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. தொலைந்த பார்ட்டிஷனை, அதாவது அந்தப் பன்னிரண்டு ஜிபி பகுதியை, தேடச் சொல்லிவிட்டு, நர்கீஸ் தட்டில் இருந்த முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது. பன்னிரண்டு ஜிபி. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு டீலரின் கடைப் பெயரில் ஒரு கோப்புறையைக் காட்டியது.

"இந்தா இருக்கான்டி உன் டீலர்" என்றாள் நர்கீஸ்.

பார்ட்டிஷனைத் திரும்ப எழுதிவிட்டு, நெட்புக்கை அணைத்துப் போட்டு F11 அழுத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார்கள். மலைப் படம்தான் வந்தது. அறிவுச்செல்வி அந்த மலையைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

"கத்தாத. இவன் போட்ட விண்டோஸ் அந்தப் பொத்தானோட வழிய அடச்சிருச்சு. நாம நேரா அந்தப் பார்ட்டிஷன்ல இருந்தே கெளப்புவோம்."

மறுபடியும் கறுப்புத் திரை. கிளம்ப வேண்டிய இடம் சி அல்ல, இது என்று நர்கீஸ் குறித்துக் கொடுத்தாள். இந்தத் தடவை நீலத் திரை வந்தது. வட்டில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. ஆல்வின் கேட்காத கேள்வி. அறிவுச்செல்வி தன் விரலாலேயே சம்மதம் சொன்னாள்.

நாற்பது நிமிடம் என்று டீலர் எழுதியிருந்தான். நாற்பத்திரண்டு ஆயிற்று. பழைய பச்சை நிறத் திரை, அதன் மூலையில் ஊசிப் படம். மிஷின் ஒயரைச் செருகினாள். மிஷின் தலை 'டக்' என்று ஒருமுறை வலது பக்கம் போய்த் திரும்பி நடுவில் வந்து நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகைதான், ஆனாலும் நன்றாக இருந்தது.

"எம்புட்டுடி தரணும்?"

"முந்நூறு குடு."

கேட்ட உடனே எடுத்துக் கொடுத்தாள். சிநேகிதிதானே என்று நர்கீஸ் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

"காசு வாங்குறது எதுக்குன்னு நெனச்ச? நாளைக்கே இது மறுபடி படுத்துச்சுன்னா என் வாசல்ல வந்து நின்னு நீ கத்தலாம்ல?" என்று சிரித்துக்கொண்டே நர்கீஸ் ரூபாயைப் பர்ஸில் வைத்தாள்.

அறிவுச்செல்வி சிரிக்கவில்லை. பென்டிரைவில் இருந்த டிசைன்களைத் திரும்ப ஏற்றிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து முதல் பாக்கெட் துணியைச் சட்டத்தில் மாட்டினாள். விளக்கும் புத்தகமும் நூல் நூலாக எழுந்து வந்தன. வியாழன் மாலை தொடங்கி, வெள்ளி முழுக்க, சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மிஷின் தைத்த நேரமெல்லாம் அவள் மனசுக்குள் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் கன்னிவாடி பஸ் ஏறி நூற்றறுபது பாக்கெட்டையும் பள்ளிக்கூடத்தில் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள். தலைமையாசிரியை ஒரு பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஸ்வெட்டருக்கும் நீங்களே போட்டுருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொடைரோடு. கறிச்சோறு முடிந்தது. ஆல்வின் பாயில் சம்மணம் போட்டு உட்கார, முன்னால் வழக்கம்போல இரண்டு போனும் ஒரு லேப்டாப்பும் வந்து சேர்ந்தன. லேப்டாப் பெரியத்தையுடையது. இந்தத் தடவை எழுத்து சின்னதாகத் தெரிகிறதாம்.

அறிவுச்செல்வி கை கழுவிவிட்டு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி, உங்க கடையில விண்டோஸ் போட எம்புட்டு வாங்குவாங்க?"

"ஐநூறு மதினி. ஏன்?"

பர்ஸிலிருந்து ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினாள்.

"ஐயோ, என்ன மதினி இது! வீட்டுக்குள்ள போயி காசா?"

"வாங்கிக்க. நீ பாத்த வேலைக்கு."

"வேணாம் மதினி…"

"ஏம்ப்பா, மதினி ஆசையாக் குடுக்குறா, வாங்கிக்கயேன்" என்றார் மாமியார் அடுப்படியிலிருந்து. சார்லஸ் பெருமையாகத் தலையாட்டினான். மனைவிக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். ஆல்வின் கூச்சத்தோடு வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான்.

"வச்சிட்டியா?"

"வச்சிட்டேன் மதினி."

"ரைட். இப்ப நான் உனக்கு மதினி இல்ல. காசு குடுத்த கஸ்டமர்." அவள் முட்டியை ஊன்றி எழுந்து நின்றாள். "ஏலே ஆல்வின்! பேட்டரி மாத்துன்னு குடுத்தா, யாரக் கேட்டுடா என் மிஷினோட கழுத்த அறுத்த?"

அந்த வீட்டில் மருமகளின் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அடுப்படியில் கரண்டி விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. சுரண்டிய தாளில் தொடங்கினாள். பன்னிரண்டு ஜிபிக்கு வந்தாள். தொடாதே என்று சொன்ன பிறகும் உட்கார்ந்து பொத்தானை அழுத்தப் போன கையைப் பற்றிச் சொன்னாள். மன்னித்துவிட்டுப் போனானே, அதையும் விடவில்லை. மூன்று நாள் மிஷினோடு சேர்ந்து பேசிப் பார்த்த பேச்சு, ஒரு சொல் சிந்தாமல் வந்தது. ஆல்வின் அண்ணனைப் பார்த்தான். சார்லஸ் வாயைத் திறந்தான். "காசா கேட்டான்" என்று சொல்ல முடியாதே! வாயை மூடிக்கொண்டான்.

அவள் முடித்தபோது மூச்சு வாங்கியது.

பெரியத்தைதான் முதலில் அசைந்தார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்து அவிழ்த்தார். மடித்து மடித்து வைத்திருந்த நோட்டுகளில் ஐநூறு ரூபாய்க்குப் பிரித்து, ஆல்வினுக்கு முன்னால் லேப்டாப்பின் மேல் வைத்தார்.

"அறிவு" என்றார், அவனைப் பார்க்காமல். "போன வருசம் பாத்த வேலைக்கு இப்பக் குடுத்தாச் செல்லும்ல?"